நீரும் உடலும் – 9: முகம் நீரில் இருக்கும்போதே ஊதுங்கள்

சென்ற வாரம், ஃப்ரீஸ்டைல் நீச்சலில் கை நீரைப் பற்றிப் பின்னுக்குத் தள்ளும் விதத்தைப் பார்த்தோம். அதை நன்றாகக் கற்றுக்கொண்டவர்களும் 25 மீட்டர் குளத்தின் பாதியிலேயே எழுந்து நின்று இரைக்கிறார்கள். தினமும் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிற இளைஞர், ஒரு நீளம் கடப்பதற்குள் மூச்சுமுட்டிச் சுவரைப் பிடித்துக்கொள்வதை எந்த நீச்சல் குளத்திலும் காணலாம். தனக்கு ஸ்டாமினா போதவில்லை என்று அவராகவே முடிவுகட்டிவிடுகிறார். ஸ்டாமினாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மூச்சை வெளியே விடவில்லை, அவ்வளவுதான்.

முகம் நீருக்குள் போனதும் தம் கட்டுவது நம் எல்லோருக்கும் இயல்பு. ஆனால் மூச்சுக்காக நாம் தவிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் அல்ல; ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால். தம் கட்டியபடி கைகால்களை வீசினால் அது விறுவிறுவென ஏறும். நிதானமாக நீந்துபவருக்கு வலக்கை, இடக்கை இரண்டும் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 2 விநாடி ஆகிறது. அதில் வாய் நீருக்கு மேலே இருப்பது அரை விநாடி அளவுக்குத்தான். தம் கட்டியவர் அந்த அரை விநாடிக்குள் பழைய காற்றை வெளியே தள்ளவும் வேண்டும், புதிய காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாது. பழைய காற்றில் பாதி உள்ளேயே தங்கிவிட, அதன் மேல் ஒரு மிடறு புதுக்காற்று போய்ச் சேர்கிறது. நாலைந்து சுற்று இப்படியே போனால் நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் மூச்சுத் திணறுகிறது.

ஆகவே மூச்சு விடும் வேலை முழுவதும் நீருக்குள்ளேயே நடந்து முடிய வேண்டும். தரையில் மூச்சை இழுத்தால் போதும். நெஞ்சுக்கூடு தானாகச் சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும். நீரில் அப்படி விட்டுவிட முடியாது. வாயையும் மூக்கையும் நீர் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதை எதிர்த்து நாமாக ஊத வேண்டும். முகம் நீரில் பட்டதும் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மெல்ல ஊதத் தொடங்கி, தலை திரும்புவதற்குச் சற்று முன் மிச்சத்தை வேகமாக ஊதிவிட வேண்டும். அப்போது வெளியே கிடைக்கும் அரை விநாடி முழுவதும் காற்றை இழுப்பதற்கென்றே கிடைக்கும்.

நம் குளங்களில் பயிற்சியாளர்கள் முதல் நாளே சுவரைப் பிடித்து நிற்கவைத்துச் சொல்லிக்கொடுக்கும் 'பப்ளிங்' இதற்காகத்தான். பெரியவர்கள் அதைக் குழந்தை விளையாட்டு என்று நினைத்து இரண்டாம் நாளே கைவிட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் வாரம் முழுக்க அது ஒன்றைச் செய்தாலே போதும் என்பேன். முகத்தை நீரில் வைத்து ஊதுவது யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழகாதவரைக்கும், கைக்கும் காலுக்கும் என்ன கற்றுக்கொடுத்தாலும் தங்காது. திணறுகிற உடல் வேறெதையும் கற்றுக்கொள்ளாது.

அடுத்தது தலை. கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திப் பழகியவர்கள் தலையை வெளியே நிமிர்த்தியே நீந்துவார்கள். அது பிழையல்ல. மேலேயிருந்து யார் குதிக்கிறார்கள், படி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது. ஆனால் தூரம் போக வேண்டும் என்றால் அந்தப் பழக்கத்துக்கு விலை அதிகம். நம் உடலில் நன்றாக மிதக்கும் பகுதி காற்று நிறைந்த நெஞ்சு. இடுப்பும் தொடைகளும் கனமானவை. தலையைத் தூக்கினால் தராசின் மறுதட்டைப் போலக் கால்கள் கீழே போகின்றன. நீரின் அடர்த்தி காற்றைப் போல ஏறத்தாழ 800 மடங்கு. அதற்குள் உடலைச் சாய்வாக வைத்துக்கொண்டு முன்னேறுபவர் தன் பலத்தில் பெரும்பகுதியை நீரை முட்டித் தள்ளுவதற்கே செலவழிக்கிறார்.

தலையைத் தூக்காமல் எப்படி மூச்சு வாங்குவது? முன்னேறும் தலை தனக்கு முன்னால் ஒரு சிறிய அலையை எழுப்புகிறது. அதன் பின்னே, கன்னத்தை ஒட்டி, நீர்மட்டம் கொஞ்சம் பள்ளமாகிறது. வாய்க்குத் தேவையான காற்று அந்தப் பள்ளத்திலேயே இருக்கிறது. நீச்சல் கண்ணாடியின் ஒரு கண் நீருக்குள், மறு கண் வெளியே என்ற அளவுக்குத் திரும்பினால் போதும். கழுத்தை மட்டும் முறுக்கித் திரும்புவதும் கூடாது. இடுப்பும் தோளும் சேர்ந்து பக்கவாட்டில் உருளும்போது தலையும் அவற்றோடு உருள வேண்டும். அந்தப் பள்ளம் இருக்கிறது என்று முதலில் நம்ப வேண்டும். நம்பாதவர்கள்தான் தலையைத் தூக்குகிறார்கள்.

இனி கைகள். கற்றுக்கொள்பவரின் நீச்சல் குலைவது பெரும்பாலும் மூச்சு வாங்கும் சுற்றில்தான். வலப்பக்கம் திரும்பி மூச்சு வாங்கும்போது இடக்கை முன்னால் நீண்டிருக்க வேண்டும். பதற்றத்தில் அந்தக் கையால் நீரைக் கீழ்நோக்கி அழுத்தித் தலையை மேலே ஏற்றப் பார்க்கிறோம். தலை ஒரு நொடி ஏறுகிறது. ஆனால் அழுத்திய கை முழங்கால் பக்கம் போய்விட்டதால் முன்னால் தாங்க எதுவும் இல்லாமல் உடல் அமிழ்கிறது. மூச்சு முடிந்து முகம் நீருக்குத் திரும்பும்வரை அந்தக் கை முன்னாலேயே காத்திருக்கட்டும். இந்தக் காத்திருப்பைக் கற்றுக்கொள்ளத்தான் எல்லோருக்கும் அதிக நாள் பிடிக்கிறது.

இரு கைகளின் இந்தக் கால இணைவை அளப்பதற்கு ஒரு குறியீட்டை பிரெஞ்சு ஆய்வாளர் திதியே ஷோலே தம் குழுவினரோடு 2000-இல் வெளியிட்டார். ஒரு கை தள்ளி முடித்த பிறகு மறு கை தொடங்க இடைவெளி இருக்கிறதா, ஒன்று முடியும் கணத்திலேயே மற்றது தொடங்குகிறதா, இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளுகின்றனவா என்று அது பார்க்கிறது. நெடுந்தூர வேகத்தில் நீந்தும்போது இடைவெளி இருக்கும். வேகம் கூடக்கூட அது சுருங்கி, அதிவேகத்தில் கைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவரும். மூச்சு வாங்கும் சுற்றில் இடைவெளி மறுபடி நீளும். 50 மீட்டர் போட்டியில் சிலர் ஒரு மூச்சுகூட வாங்காமல் முடிப்பதற்கு இது ஒரு காரணம். 1500 மீட்டருக்கு அந்த வழி கிடையாது.

கால்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கைச்சுற்றுக்கு ஆறு உதை என்பது வேகத்துக்கு, இரண்டு உதை என்பது தூரத்துக்கு. தொடைத் தசைகள் பெரியவை. ஆக்சிஜனை அள்ளிக் குடிப்பவை. மூச்சு இன்னும் வசப்படாதவர் வேகமாக உதைத்தால் திணறல்தான் மிஞ்சும். மூச்சு வாங்கும்போது கால்கள் கத்தரிக்கோல்போல அகன்று பிரிந்தால், தலை வேண்டிய அளவுக்கு மேல் திரும்பிவிட்டது என்று அர்த்தம். பிழை மேலே நடக்கிறது, அடையாளம் கீழே தெரிகிறது.

மூச்சு வசப்பட்டால் ஒரு நீச்சல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்று உண்டு. 1875-இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்தபோது தலையை நிமிர்த்தி மார்பு நீச்சல்தான் அடித்தார். 21 மணி 45 நிமிடம் ஆயிற்று. முகத்தை நீரில் வைத்து மாறிமாறிக் கைவீசும் கிரால் முறை ஆஸ்திரேலியாவில் உருவாகிப் பரவியபோது, அது ஆளை விரைவில் களைக்க வைக்கும், குறுந்தூரத்துக்குத்தான் ஆகும் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. 1926 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி, உப்புநீர் புகாமல் மெழுகால் அடைத்த கண்ணாடி அணிந்து, கிரால் நீச்சலிலேயே அந்தக் கால்வாயைக் கடந்தார். அதைக் கடந்த முதல் பெண் அவர்தான். அப்போது வயது 20. அதுவரை கடந்திருந்த ஆண்கள் ஐந்தே பேர். எடர்லி எடுத்துக்கொண்டது ஏறத்தாழ பதினான்கரை மணி நேரம். அந்த ஐவரில் மிக வேகமானவரின் நேரத்தைவிட இரண்டு மணி நேரம் குறைவு. பதினான்கு மணி நேரம் கடல் அலையில் முகத்தை வைத்து ஊதி, திருப்பி இழுத்து, மறுபடி ஊதிய அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

எத்தனை கைவீச்சுக்கு ஒரு மூச்சு? மூன்றுக்கு ஒன்று என்று இருபுறமும் மாறிமாறி வாங்கச் சொல்லித் தொடக்கத்திலேயே வற்புறுத்துகிறார்கள். உடல் ஒரு பக்கமாக இழுபடாமல் இருக்க அது நல்ல பயிற்சிதான். ஆனால் ஊதக் கற்றுக்கொண்டிருப்பவரைப் பட்டினி போட்டுப் பழக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் இரண்டுக்கு ஒன்று, வசதியான பக்கத்தில் தாராளமாக வாங்கட்டும். 2012 முதல் 2024 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் 800 மீட்டரில் தங்கம் வென்ற கேட்டி லெடெக்கி பெரும்பாலும் வலப்பக்கமே மூச்சு வாங்குகிறார். அவர் நீந்தும் தாளமும் இருபுறமும் சமமாக இல்லை.

கடைசியாக, மூச்சைப் பற்றிப் பேசிவிட்டுச் சொல்லாமல் போகக் கூடாத ஒன்று. கோடை விடுமுறையில் பிள்ளைகள் யார் அதிக நேரம் முங்குவது என்று பந்தயம் கட்டுவார்கள். முங்குவதற்கு முன் நாலைந்து முறை வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். அதனால் உடலில் ஆக்சிஜன் சொல்லும்படி கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும் குறைந்துவிடுகிறது. மூச்சுக்குத் தவிக்க வைத்து நம்மை மேலே வரச் சொல்லும் எச்சரிக்கை அதுதான். அது ஒலிப்பதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இடுப்பளவு நீரிலேயே இது நேரும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்றே அழைத்துச் சொல்லுங்கள்: முங்கும் பந்தயம் வேண்டாம், முங்குவதற்கு முன் வேகமூச்சு வேண்டவே வேண்டாம், கரையில் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்காமல் நீரில் இறங்கவே வேண்டாம்.