வானவில்லுக்காக ஓடியவர்

1981, லாசா. சாப்பாட்டு நேரம். ஒரு மலையேற்றக் குழுவை திபெத்துக்கு அழைத்து வந்திருந்த அமெரிக்கர் கேலன் ரோவெல், மழைமேகத்துக்கு நடுவே வானவில் ஒன்றைப் பார்த்தார். நல்ல வில்தான். ஆனால் வில் ஒரு பக்கம், பொட்டாலா அரண்மனை இன்னொரு பக்கம். ரோவெல் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

வானவில்லை நோக்கி ஓடினால் கிட்டே போய்விட முடியாது; அது குழந்தைக்கும் தெரியும். ஆனால் பக்கவாட்டில் ஓடினால் வில்லும் கூடவே நகரும். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையை மையமாக வைத்து, 42 டிகிரியில்தான் அது தெரியும். அதனால் ஆளாளுக்குத் தனி வில். எங்கே போய் நின்றால் தன் வில்லின் கால் அரண்மனைக் கூரையில் இறங்கும் என்பதுதான் ரோவெல் போட்ட கணக்கு. லாசாவின் உயரம் சுமார் 3,650 மீட்டர். புதிதாகப் போகிறவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஊர். அங்கே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடி, வில் மறைவதற்குள் படத்தை எடுத்தார். சாகசப் புகைப்படத்தில் அதைவிடப் புகழ்பெற்ற படங்கள் அதிகமில்லை.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் 'அதிர்ஷ்டம்' என்றார்கள். எனக்கு அது நுரையீரலின் படமாகத்தான் தெரிகிறது. இந்தத் தொழிலில் லென்ஸுக்கு முன்னால் கால் வேலை செய்யவேண்டும்.

ரோவெல் 16 வயதில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கயிறு கட்டி ஏறத் தொடங்கியவர். பிழைப்புக்குக் கார் பழுதுபார்க்கும் பட்டறை. 1972-ல் அதை விற்றுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரர் ஆனார். 'பட்டறையை விற்றுவிட்டு மலையைப் படம் பிடிக்கப் போகிறேன்' என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. மறு வருடமே இரண்டு நண்பர்களோடு ஹாஃப் டோம் பாறையின் செங்குத்து முகத்தில், ஆணி அடிக்காமல் ஏறினார். அந்தப் படங்கள் 1974 ஜூன் மாத 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' அட்டைக் கட்டுரையாக வந்தன.

அதற்கு முந்தைய தலைமுறையின் ஆன்சல் ஆடம்ஸ், முக்காலியும் பெரிய தகட்டுக் கேமராவுமாக ஒளிக்குக் காத்திருந்தவர். ரோவெலிடம் இருந்தது கைக்கு அடக்கமான 35 மி.மீ. கேமரா. மலையேறுகிறவரைத் தூரத்திலிருந்து எடுப்பதில் அவருக்கு ருசியில்லை. அதே கயிற்றில் தானும் தொங்கவேண்டும்.

2002-ல், 61 வயதில், திபெத்தின் சாங்டாங் பீடபூமிக்குப் போனார். ஷாதூஷ் சால்வைக்காகக் கொன்று குவிக்கப்பட்ட சிரு மான்கள் எங்கே போய்க் குட்டி ஈனுகின்றன என்று பார்க்க நான்கு பேர் கிளம்பினார்கள். சாமான்களை இரண்டு சக்கரக் கைவண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துக்கொண்டு 400 கிலோமீட்டருக்கு மேல் நடை. நால்வரில் இளையவர், வீடியோ எடுக்க வந்த ஜிம்மி சின். வயது 28.

சின் தொழிலுக்கு வந்தது தனிக் கதை. யோசெமிட்டியின் எல் கேப்பிடன் உச்சியில் ஒருநாள் நண்பரின் கேமராவை வாங்கி ஒரே ஒரு படம் எடுத்தார். நண்பர் தன் படங்களோடு அதையும் ஒரு கம்பெனிக்குக் காட்ட, அவர்கள் வாங்கியது சின் எடுத்ததை மட்டும். 500 டாலர். பழைய சுபாரு காரிலேயே குடியிருந்த பையனுக்கு, மாதம் ஒரு படம் எடுத்தால் போதுமே என்று தோன்றிவிட்டது! கணக்கு அவ்வளவு சுலபமில்லை என்று பிறகு தெரிந்திருக்கும்.

சாங்டாங்கிலிருந்து திரும்பிய சில வாரங்களில், 2002 ஆகஸ்ட் 11 அன்று, கலிஃபோர்னியாவின் பிஷப் நகர விமான நிலையத்துக்கு அருகே ஒரு சிறு விமானம் விழுந்தது. அதில் ரோவெலும் மனைவி பார்பராவும் இறந்தார்கள். அத்தனை மலைகளில் தப்பியவர், வீட்டுக்குப் போகும் வழியில்.

சின் தொடர்ந்து ஏறினார். கங்கோத்ரிக்கு மேலே உள்ள மேரு சிகரத்தில் 2008-ல் உச்சிக்கு நூறு மீட்டர் கீழே திரும்பி, 2011-ல் மறுபடி போய் ஏறினார். ஆனால் அவருக்குப் பெரிய சோதனை, தான் ஏறாத ஒரு ஏற்றத்தில் வந்தது.

அலெக்ஸ் ஹானல்ட், சின்னின் நண்பர். சுமார் 900 மீட்டர் உயர எல் கேப்பிடனில் கயிறே இல்லாமல் ஏற முடிவு செய்தார். கை வழுக்கினால் முடிந்தது. அதைப் படமெடுக்கச் சம்மதித்தால், நண்பர் சாவதைப் படமெடுக்கவும் சம்மதித்ததாகத்தானே அர்த்தம்? கேமரா நிற்கிறதே என்று அவர் ஒரு நாள் முன்னதாக ஏறிவிட்டால்? மேலே தொங்குகிற கேமராக்காரர் தெரியாமல் ஒரு கூழாங்கல்லைத் தட்டிவிட்டால்? 'எடுக்கலாமா' என்பதையே சின்னும், உடன் இயக்கிய மனைவி எலிசபெத் சாய் வசர்ஹெலியும் திரும்பத் திரும்பப் பேசவேண்டியிருந்தது. கேமராக்காரர்கள் எல்லோரும் தேர்ந்த மலையேறிகள். ஹானல்ட் கயிற்றோடு பழகியபோதே, யார் எங்கே தொங்குவது என்று அவர்களும் பழகினார்கள். மிகக் கடினமான ஓரிடத்தில் மட்டும் ஆளே வேண்டாம் என்று, தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களைப் பொருத்தினார்கள்.

2017 ஜூன் 3. ஹானல்ட் 3 மணி 56 நிமிடத்தில் உச்சியைத் தொட்டார். அந்த ஏற்றத்தைக் காட்டும் 'ஃப்ரீ சோலோ' ஆவணப்படம் 2019-ல் ஆஸ்கர் வாங்கியது.

அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் ஹானல்டை மட்டும் பார்க்காதீர்கள். கீழே தரையில், நீண்ட லென்ஸ் வைத்த கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பார். ஆபத்தான இடங்கள் வரும்போதெல்லாம் கேமராவை ஓடவிட்டுவிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.