இரவெல்லாம் விளக்கெரியும் கடை

மொழி தெரியாத ஊரில் நடுநிசியில் பசி வந்தால் என்ன செய்வது? ஜப்பானுக்குப் பிழைக்கப் போன வெளிநாட்டுக்காரருக்கு விடை தெருமுனையிலேயே இருக்கிறது. அதுதான் 'கொன்பினி' என்னும் சிறு கடை.

1974-ஆம் ஆண்டு மே மாதம் தோக்கியோவின் தொயோசு பகுதியில் செவன் இலெவன் தன் முதல் ஜப்பானியக் கடையைத் திறந்தது. மறு ஆண்டே இரவும் மூடாத கடை வந்துவிட்டது. இன்று நாடெங்கும் 50,000-க்கு மேற்பட்ட கொன்பினிகள் உள்ளன.

கடை சிறிது; உதவியோ பெரிது. முக்கோணமாகப் பிடித்த சோற்றுக்கு 'ஒனிகிரி' என்று பெயர். அதன் உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசைப்படி பிரித்தால் போதும். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. மின்சாரக் கட்டணச் சீட்டை நீட்டினால் கல்லாவிலேயே பணம் கட்டிவிடலாம். பொட்டலமும் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் விலை எழுதியிருக்கும். யாரிடமும் கெஞ்ச வேண்டாம். ஊரார்க்குச் சொல்லும் அதே வரவேற்புதான் அயலாருக்கும். புதிதாய் வந்தவருக்கு இதைவிட ஆறுதல் வேறு என்ன வேண்டும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நள்ளிரவில் கல்லாவில் நிற்பவர் பல வேளை நேப்பாளத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ படிக்க வந்த பிள்ளையாக இருப்பார். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கூலியும் அவருக்குத் தேவை.

ஆக, ஓர் அயலாருக்குத் துணையாகும் விளக்கை இன்னோர் அயலார் கண்விழித்துக் காக்கிறார். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு, அந்த விளக்கின் அருமையைச் சொல்லவா வேண்டும்?