சரத்தை முழு எண்ணாக மாற்றல்

கணினி நிரலாக்கத்தில் சரத்தை முழு எண்ணாக மாற்றல் என்பது, எழுத்து வடிவில் உள்ள எண்ணைக் கணக்கிடத்தக்க மதிப்பாக ஆக்கும் செயலாகும். விசைப்பலகை, இணையப் படிவம் ஆகியவற்றிலிருந்து நிரலுக்கு வருபவை பெரும்பாலும் எழுத்துகளே. மாற்றாமல் "12", "5" ஆகியவற்றைக் கூட்டினால் பல மொழிகளில் 17 கிடைக்காது, "125" கிடைக்கும்.

செயல்முறை

ஆஸ்கி குறிமுறையில் 0 என்னும் எழுத்தின் குறியெண் 48, 9 இன் குறியெண் 57. குறியெண்ணிலிருந்து 48 ஐக் கழித்தால் இலக்கத்தின் மதிப்பு வரும். சரத்தை இடமிருந்து படித்து, அதுவரை வந்த மதிப்பைப் பத்தால் பெருக்கிப் புதிய இலக்கத்தைக் கூட்ட வேண்டும். "407" எனில் 4, 40, 407 என வளரும்.

தமிழ் எண்கள்

ஒருங்குறியில் ௦ முதல் ௯ வரையான குறியெண்கள் 3046 முதல் 3055 வரை உள்ளன. இவற்றுள் ௦ மட்டும் 2005 இல் வெளிவந்த 4.1 பதிப்பில்தான் இடம்பெற்றது. பைத்தானின் இன்ட் செயற்கூறு "௪௦௭" ஐ 407 ஆக ஏற்கும். சி மொழியின் ஏடோஐ 0 என்று விடை தரும். பிழை என்று சொல்லாது. உண்மையான பூச்சியத்தையும் படிக்க முடியாத சரத்தையும் பிரித்தறிய வழியில்லாததால் இது மோசமான வடிவமைப்பு. மரபு வடிவமான "௪௱௭" ஐப் பைத்தானும் ஏற்காது. ௱ இலக்கமன்று, முன்னுள்ள எண்ணை நூறால் பெருக்கும் குறி. அதற்குத் தனி நிரல் வேண்டும்.

மாற்றக்கூடாத இடங்கள்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கேயுள்ள காமராசர் துறைமுகம் போன்ற இடங்களில் கையாளப்படும் கன்டெய்னர்களின் எண், ஐஎஸ்ஓ 6346 தரப்படி நான்கு எழுத்துகள், ஆறு இலக்க வரிசை எண், ஒரு சரிபார்ப்பு இலக்கம் கொண்டது. எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு: ஏ 10, பி 12 என 11 இன் மடங்குகளைத் தவிர்த்துச் செல்லும். பத்து இடங்களின் மதிப்புகளையும் முறையே 1, 2, 4 எனத் தொடங்கி 512 வரை பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்த மீதியே சரிபார்ப்பு இலக்கம் (மீதி 10 எனில் 0).

வரிசை எண் "004512" என்று கொள்வோம். விரிதாள் அதை முழு எண்ணாக்கினால் 4512 ஆகிவிடும். 64 ஆல் பெருக்க வேண்டிய 4, ஐந்தாம் இடத்துக்கு நகர்ந்து 16 ஆல் பெருக்கப்படும். சரியான கன்டெய்னரே தவறானதாகத் தெரியும். எனவே இவ்வெண்ணைச் சரமாகவே சேமித்து, கணக்கிடும்போது மட்டும் ஒவ்வோர் இலக்கமாக மாற்றுவர். பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணுக்கும் இதுவே பொருந்தும். 32 பிட் முழு எண்ணில் 2147483647 க்கு மேல் அடங்காது.