எஞ்சின் இல்லாத வண்டி

1906-ஆம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளையின் திருநாமத்தை, தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து 20 அடி, 40 அடிப் பெட்டிகளைச் சுமந்து டிரெய்லர்கள் மதுரைச் சாலையில் செல்வதை நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்னால் இழுக்கும் லாரிக்கு நடக்கும் உபசாரம் பின்னால் சுமக்கும் டிரெய்லருக்கு நடப்பதில்லை. எஞ்சின் இல்லாத வண்டியில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணந்தான்!

கெடுவதற்கு நிறைய இருக்கிறது. கடற்காற்றின் உப்பு, குழாய் இணைப்புகளையும் விளக்குக் கம்பி முனைகளையும் அரித்துவிடும். பிரேக்குக்கான காற்றுத் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வால்வுகள் துருப்பிடிக்கும். அதைத் தவறாமல் வடித்துவிட வேண்டும். லாரியோடு பிணைக்கும் கிங்பின் சரியாகப் பூட்டியிருக்கிறதா, அது அமரும் தட்டில் கிரீஸ் இருக்கிறதா, டயர்களில் காற்றுக் குறையில்லையா, சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, பெட்டியின் நான்கு மூலைப் பூட்டுகளும் விழுந்தனவா என்று புறப்படுமுன் பார்ப்பது அவசியம். சக்கரம் மாற்றியிருந்தால், சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அதிக நேரம் பிடிக்காது. அந்தச் சிறு பொழுதையும் டிரைவருக்குக் கொடுக்காமல் அவசரப்படுத்துவது, சரக்குக்காகக் காத்திருக்கும் நம் போன்றவர்களின் பொறுமையின்மையும் அல்லவா? சரக்குச் சற்றுத் தாமதித்து வரலாம். பூட்டு விழாத பெட்டி சரிந்தால், பக்கத்தில் சைக்கிளில் போகிறவர் வீடு திரும்பமாட்டார்.