செல்லாக் காசின் செல்வம்

ஒன்றுக்கும் உதவாததைச் செல்லாக் காசு என்பது உலக வழக்கு. பழங்காசு திரட்டுவோர்க்கோ, கடைத்தெருவில் செல்லாத காசே செல்வமாகின்றது. அச்செல்வம் உலோகத்தில் இருக்கின்றதா, பழமையில் இருக்கின்றதா, அன்றி வேறெதிலேனும் இருக்கின்றதா என்பது ஆராயத்தக்கது.

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் வாழும் ஒரு குடும்பத்தின் பழம்பெட்டியில் மூன்று செப்புக் காசுகள் கிடக்கின்றன எனக் கொள்வோம். மூன்றும் ஒரு காசு மதிப்புடையவை; மூன்றிலும் விக்டோரியா அரசியின் தலையுருவம் உண்டு. ஆனால், முதற்காசில் 'கிழக்கிந்தியக் கம்பெனி' என்றும் 1845 என்றும் ஆங்கிலத்தில் உள்ளன. இரண்டாவதில் 'இந்தியா நீரிணை', 1862 என்பன காணப்படுகின்றன. 1870களில் வந்த மூன்றாவதிலோ 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்றிருக்கின்றது. ஊர் ஒன்றே, பெயர் மாறியது ஏன்?

கம்பெனியின் ஆட்சி 1858இல் முடிவுற்றது. அதன் பின்னரும் சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்தே ஆளப்பட்டது. 1867 ஏப்ரல் 1ஆம் நாள்தான் அது இந்திய ஆட்சியினின்று பிரிந்து, இலண்டனின் நேர் ஆட்சிக்கு உட்பட்டது. நூலில் ஓர் அதிகாரமாக விரியும் செய்தியை மூன்று காசுகள் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடுகின்றன. இவற்றோடு 1985இல் வெளிவந்த இரண்டாம் வரிசைச் சிங்கப்பூர் நாணயம் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். அதில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் உள்ளது. 'சிங்கப்பூர்' எனத் தமிழெழுத்தும் துலங்குகின்றது. கம்பெனிக் காசுக்கும் இதற்கும் இடைப்பட்ட 140 ஆண்டு வரலாற்றைப் படித்தறிவதே திரட்டுவோர் பெறும் இன்பம்.

இன்பம் உள்ள இடத்தில் ஏமாற்றமும் உண்டு. பழமையானதெல்லாம் விலையுயர்ந்தது என்னும் எண்ணம் முதலில் உடையும். 1822இல் சிங்கப்பூர் வந்த ஜான் கிராஃபர்ட், இன்று ஃபோர்ட் கேனிங் எனப்படும் குன்றில் சீனச் சோங் அரசர் காலத்துக் காசுகள் கிடைத்ததைக் குறித்துள்ளார். ஆயிரம் ஆண்டுப் பழமை உடையனவாயினும், அவ்வகைக் காசுகள் அளவின்றி வார்க்கப்பட்டமையால் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன.

அடுத்தது போலிகளின் தொல்லை. 1895 முதல் அச்சான பிரிட்டிஷ் வாணிப டாலரின் எடை ஏறத்தாழ 27 கிராம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. இதன் போலிகள் மலிந்துள்ளன. காந்தத்தில் ஒட்டினால் அது போலி என்பது உறுதி. ஒட்டாமையால் மட்டும் உண்மையானது என்று துணிதல் கூடாது. எடையையும் விளிம்பையும் எழுத்தின் கூர்மையையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

இவற்றினும் பெரிய கேடு திரட்டுவோர் கையாலேயே நேர்வது. குத்துவிளக்கைத் துலக்குவது போலப் பழங்காசையும் புளியிட்டுத் தேய்த்துவிடுவர். காசு பளபளக்கும், காலத்தின் படிவும் எழுத்தின் நுண்மையும் தேய்ந்துபோம். இழந்ததை மீட்க வழியில்லை.

காசு திரட்டல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்குத் தமிழகமே சான்று. 'தினமலர்' ஆசிரியராக இருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, காசுகளைத் திரட்டி ஆராய்ந்தவர். 'பெருவழுதி' எனத் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பாண்டியர் காசை 1980களில் அவர் வெளிப்படுத்தினார். இலக்கியத்தில் மட்டும் கண்ட பெயர் உலோகத்திலும் காணப்பட்டது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளும் இவ்வாறே ஆராய்ச்சிக்கு வந்தன. இவை உருக்குவோர் கையில் சிக்கியிருந்தால் அச்சான்றுகள் அழிந்திருக்கும். எனினும் ஒரு குறை உண்டு. மணலை அரித்து எடுத்த காசு எந்த மண்ணடுக்கில், எப்பொருளோடு கிடந்தது என்பதை இனி எவரும் கூற இயலாது. காசு தப்பியது, அதன் சூழல் தப்பவில்லை.

ஆகவே, காசு திரட்டும் மாணவர்க்கு ஆசிரியர் முதலிற் கற்பிக்க வேண்டியது விலைப்பட்டியல் அன்று. காசைத் தேய்க்காதே, விளிம்பைப் பிடித்தெடு, எங்கே, என்று, யாரிடம் பெற்றாய் என்பதை உடனே குறித்து வை. இம்மூன்றையும் பழகிய பிள்ளையின் கையில் சிறு செப்புக் காசும் வரலாற்றுச் சான்றாகும். குறிப்பில்லாத காசோ, பொற்காசே ஆயினும், பாதி ஊமையே.