சங்கக் கணக்கும் மென்பொருள் மாற்றமும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்குகளை நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மென்பொருளில் கொண்டுவருவதற்கு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்கள், ரூ. 2,516 கோடி மதிப்பீடு, ஐந்தாண்டுக் காலம் என்பது அப்பொழுது வகுக்கப்பெற்ற திட்டம். பேரேட்டிலிருந்து முதன்முறையாகக் கணிப்பொறிக்கு வரும் சங்கங்களும் இதில் உண்டு. முன்பே கணிப்பொறியில் கணக்கெழுதி வந்து, இப்பொழுது பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறும் சங்கங்களும் உண்டு. நெசவாளர் சங்கங்களுக்கும் விற்பனைச் சங்கங்களுக்கும் இம்மாற்றம் வேறு வழிகளில் வருகின்றது. செய்து கொடுத்தவர் பழைய பதிப்பைப் பராமரிப்பதை நிறுத்திவிடுகின்றார், வரி விதிகள் மாறுகின்றன, கணிப்பொறியே காலாவதியாகின்றது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவுற்றதை அன்பர்கள் அறிவார்கள்.

ஆகவே, மாறுவதா வேண்டாமா என்று வாதிப்பதற்கு இனி இடமில்லை. எவ்வாறு மாறுவது என்பதே நாம் ஆராய வேண்டுவது. நாம் கூற விரும்புவது இதுதான்: சோதனை தேறிய பிறகே மாறும் தேதியைக் குறிக்க வேண்டும், தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்குள் சோதனையை அடக்கிவிட முயலுதல் கூடாது. அச்சோதனையும் சங்கத்தாரின் கையால், சங்கத்தின் சொந்தக் கணக்கைக் கொண்டு நடைபெற வேண்டும்.

மொத்தம் ஒத்துவந்தால் போதுமா?

பழைய மென்பொருளிலிருந்து விவரங்களைப் புதியதற்கு ஏற்றியவுடன், இருப்பாய்வை எடுத்துப் பார்ப்பது வழக்கம். பற்றும் வரவும் ஒத்து, பழைய மொத்தமும் புதிய மொத்தமும் ஒன்றாயிருந்தால், வேலை முடிந்தது என்று கையொப்பமிட்டுவிடுகின்றனர். இது தொடக்கமேயன்றி முடிவன்று. கந்தசாமியின் சேமிப்பு ரூ. 12,000 முனுசாமியின் கணக்கிலும், முனுசாமியின் ரூ. 3,000 கந்தசாமியின் கணக்கிலும் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். சங்கத்தின் மொத்தச் சேமிப்பில் ஒரு காசும் வித்தியாசம் தோன்றாது. ஆனால் கந்தசாமிக்கு ரூ. 9,000 போயிற்று. ஆகையால் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய நிலுவையையும் பெயர்வாரியாகப் பட்டியலிட்டு, பழையதையும் புதியதையும் வரிக்கு வரி ஒத்துப்பார்க்க வேண்டும். அதற்கு மேலும், நிலுவைச் சீட்டு ஒன்றை அங்கத்தினர் கையில் கொடுத்து, அவருடைய பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒப்புதல் பெறுவது நலம்.

பெயர்களைப் பற்றியும் தனியே எச்சரிக்கை வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் நம் நாட்டில் தமிழைப் பலவிதமான எழுத்துருக்களில் தட்டச்சு செய்தனர். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் முறைகளைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடு ஏற்கப்பட்டது. இவற்றிற்கு வெளியே பாமினி போன்ற எழுத்துருக்களும் பெருவழக்காய் இருந்தன. இத்தகைய எழுத்துருவில் பதிந்த பெயர்களைத் தக்கபடி மாற்றாமல் புதிய மென்பொருளில் ஏற்றினால், திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். ஆதலால் கொம்பும் காலும் வரும் பெயர்கள், கிரந்த எழுத்துள்ள பெயர்கள், ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடைய இருவர் ஆகியவற்றைத் தேடி எடுத்துச் சோதிக்க வேண்டும். 0047 என்னும் அங்கத்தினர் எண், முன்னுள்ள சுழிகளை இழந்து 47 ஆகிவிடுகின்றதா என்பதும் பார்க்கத்தக்கது.

ஒரு தேதியின் விலை

தேதியை நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகின்றோம். அமெரிக்க வழக்கில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும். பயிர்க்கடன் பெற்ற விவசாயி ஒருவருடைய தவணைத் தேதி அக்டோபர் 5 என்று கொள்வோம். அது 05-10 என்று பழைய கணக்கில் உள்ளது. புதிய மென்பொருள் அதனை மே மாதம் 10ஆம் தேதி என்று படித்துவிட்டால் நேர்வதென்ன? உரிய காலத்தில் கடனைச் செலுத்துவோர்க்கு வட்டியில்லை என்பது தமிழ்நாட்டில் உள்ள சலுகை. செப்டம்பரில் பணத்தோடு வருகின்ற அந்த விவசாயியை, நான்கு மாதங்களாகத் தவணை தவறியவர் என்று கணிப்பொறி காட்டும். ரூ. 60,000 கடனுக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ. 4,200. அதற்கு மேல், தவறியவர் பட்டியலில் பெயர் ஏறியதால் அடுத்த பருவத்துக் கடனும் தடைப்படும். ஒரு தேதியின் இரண்டு எண்கள் இடம் மாறியதற்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை இது. 13 முதல் 31 வரையுள்ள நாட்களில் இப்பிழை தானே வெளிப்பட்டுவிடும், பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லையாதலால். 1 முதல் 12 வரையுள்ள நாட்களில்தான் இது மறைந்து நிற்கும். சோதனைக்கு எந்தக் கணக்குகளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இத்தகைய விவேகம் வேண்டும்.

நெசவாளர் சங்கத்தில் அளவையும் பைசாவும் பார்க்க வேண்டுவன. 40ஆம் நம்பர் நூல் என்றால் 840 கெஜச் சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு ராத்தல் எடை என்பது பொருள். கட்டுக் கணக்கில் இருந்த நூலிருப்பைக் கிலோக் கணக்கில் ஏற்றும்போது, நூலும் காணாமற் போகலாம். இல்லாத நூலும் இருப்பில் தோன்றலாம். கூலியில் பைசாவை எவ்வாறு முழுமையாக்குவது என்பதில் புதிய பதிப்பு வேறு வழியைக் கைக்கொள்ளலாம். 200 தறிக்காரர்க்கு வாரந்தோறும் தலைக்கு 50 பைசா விடுபட்டால், வாரத்துக்கு ரூ. 100, ஆண்டுக்கு ரூ. 5,200. கூலியிலிருந்து பிடிக்கும் சேமிப்பு நிதியிலும் அதற்கேற்பக் குறைவு ஏற்படும்.

இங்கிலாந்தில் நடந்தது

கணக்கு சரியாக ஏறிய பின்னும் மாற்றம் தோல்வியுறக்கூடும் என்பதற்கு இங்கிலாந்திலுள்ள டி.எஸ்.பி. வங்கி நல்ல சான்று. லாயிட்ஸ் வங்கியிலிருந்து பிரிந்த இவ்வங்கியை 2015இல் ஸ்பெயின் நாட்டுச் சபடெல் வங்கி வாங்கியது. லாயிட்ஸின் கணிப்பொறி அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாறுவதற்கு முதலில் 2017 நவம்பர் குறிக்கப்பட்டு, பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. 2018 ஏப்ரல் மாதம் ஒரு வார இறுதியில், சுமார் 52 லட்சம் வாடிக்கைக்காரர் கணக்குகள் மாற்றப்பட்டன. விவரங்கள் பிழையின்றியே சென்று சேர்ந்தன. ஆனால் புதிய அமைப்பு கூட்டத்தைத் தாங்கவில்லை. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறந்து பார்க்க இயலாது தவித்தனர். நிலைமை முற்றும் சீராக அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. வங்கியின் தலைமை நிர்வாகி செப்டம்பரிலேயே பதவி விலகினார்.

பின்னர் நடந்த விசாரணையில் இரண்டு உண்மைகள் வெளிவந்தன. முதலாவது, முடிவுத் தேதியை முதலில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி வேலைகளைப் பங்கிட்டிருந்தனர். இரண்டாவது, இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரத்தை, ஒரு மையத்தில் மட்டுமே சோதித்திருந்தனர். 2022 டிசம்பரில் கண்காணிப்பு அதிகாரிகள் விதித்த அபராதம் 4 கோடியே 86½ லட்சம் பவுண்டு. வாடிக்கைக்காரர்க்கு வங்கி ஈடாகக் கொடுத்தது வேறு 3 கோடியே 27 லட்சம் பவுண்டு.

நம் சங்கங்களுக்கு இதில் பாடம் உண்டு. ஓய்வான ஒரு பிற்பகலில், ஒரே குமாஸ்தா பத்து ரசீதுகளைப் பதிந்து பார்ப்பது சோதனையாகாது. கூலி வழங்கும் நாள், உரம் வந்திறங்கும் நாள், நெல் கொள்முதல் மும்முரமான நாள், ஆண்டு முடிவாகிய மார்ச் 31 ஆகிய நாட்களின் நெருக்கடியை உண்டாக்கிப் பார்க்க வேண்டும். ஒரே சர்வரை நம்பியுள்ள மாவட்டத்துச் சங்கங்கள் பலவும் ஒரே மணி நேரத்தில் பதிவு செய்தால் என்னவாகின்றது என்று, மத்திய வங்கி முன்னின்று ஒருநாள் ஏற்பாடு செய்வது நன்று.

குறையை மறைப்பதால் வரும் கேடு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அரசு மருத்துவத் துறையின் சம்பளக் கணக்கு 2010 மார்ச் மாதம் புதிய மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. 70,000-க்கு மேற்பட்ட ஊழியர்களின் சம்பளம் அதனைச் சார்ந்திருந்தது. பலர்க்குக் குறைவாகவும், பலர்க்கு மிகுதியாகவும், சிலர்க்கு ஒன்றுமே இல்லாமலும் சம்பளம் வந்தது. 2013இல் வெளியான விசாரணை அறிக்கை, இதனால் ஏற்படும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவிற்கு என்று மதிப்பிட்டது. சோதனையின்போது கண்ட கடுமையான குறைகளைச் சிறிய குறைகள் என்று வகை மாற்றியே அடுத்த படிக்குச் சென்றனர் என்பதும் அவ்விசாரணையில் தெரியவந்தது. பரீட்சையில் தேறாத பிள்ளைக்காகத் தேறும் மதிப்பெண்ணைக் குறைத்ததற்கு இது ஒப்பாகும்.

எனவே, எது கடுமையான குறை, எது பொறுத்துக்கொள்ளத்தக்க குறை என்பதைச் சோதனை தொடங்குமுன்பே நிர்வாகக் குழு எழுதி வைத்துவிட வேண்டும். பணம், தவணைத் தேதி, ஆள் அடையாளம் ஆகிய மூன்றில் காணும் எந்தப் பிழையும் கடுமையானதே.

சோதிக்கும் முறை

சோதனையை நடத்துவோர் யார்? மென்பொருளைச் செய்தவர் தம் பங்கிற்குச் சோதித்திருப்பார். ஆனால் தாம் எண்ணிய வழியிலேயே அவர் சோதிப்பார். சங்கத்தின் குமாஸ்தா, விற்பனையாளர், நூல் கிடங்குக்காரர், நகை மதிப்பீட்டாளர் ஆகியோர்தாம் அன்றாடம் நேரும் விபரீதங்களை அறிந்தவர்கள். ஒரே ரசீதை இருமுறை பதிந்தால் ஏற்றுக்கொள்கின்றதா, இருப்புக்கு மேல் பணம் எடுக்க விடுகின்றதா, பதிவின் நடுவே மின்சாரம் நின்றால் பாதிப் பதிவு தங்குகின்றதா, இறந்துபோன அங்கத்தினரின் வாரிசுக்குத் தொகை வழங்க வழி உள்ளதா என்றெல்லாம் அவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் வரவேண்டிய விடையை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்து, வந்த விடையை அதனருகில் குறித்தல் வேண்டும். வந்ததைப் பார்த்த பிறகு, இதுதான் வரவேண்டியது என்று கூறுவது எளிது, அதில் பயனில்லை.

குறையைத் திருத்திக் கொடுத்த பின், திருத்திய இடத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடலாகாது. வட்டியைத் திருத்தப்போய் ரசீது எண் குழம்புவது மென்பொருளில் சகஜம். தேறியிருந்த சோதனைகளையும் மீண்டும் ஒருமுறை நடத்த வேண்டும்.

பின்னர், குறைந்தது ஒரு முழு மாதமாவது பழையதிலும் புதியதிலும் ஒருங்கே கணக்கெழுதி, நாள்தோறும் ரொக்க இருப்பையும், மாத முடிவில் வட்டியையும் கூலியையும் ஒப்பிட வேண்டும். ஊழியர்க்கு இது இரட்டைச் சுமை என்பதை நாம் மறுக்கவில்லை. அதற்குரிய மிகைநேரப் படியை மாற்றச் செலவிலேயே சேர்த்துத் தீர்மானிப்பது நியாயம். திரும்பி வரும் வழியையும் அடைத்துவிடலாகாது. மாற்றத்திற்கு முந்திய நாளின் காப்பு நகலை எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அதிலிருந்து கணக்கை மீட்டெடுக்க முடிகின்றதா என்று செய்து பார்க்க வேண்டும். தணிக்கைக்கும் வழக்குகளுக்கும் வேண்டியிருப்பதால், பழைய கணக்கைப் படிக்கும் வசதியையும் பின்னர்ப் பல்லாண்டு காக்க வேண்டும்.

பொறியின் சொல்லும் ஊழியரின் சொல்லும்

இறுதியாக ஒன்று. பிரிட்டிஷ் அஞ்சலகத்தில் 1999 முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் வழங்கிவந்தது. அது காட்டிய பணக் குறைவை நம்பி, சிற்றூர் அஞ்சலகங்களை நடத்திவந்தோர்மீது களவும் பொய்க்கணக்கும் சுமத்தப்பட்டன. 900-க்கு மேற்பட்டோர் தண்டனைத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை சென்றனர். அம்மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி அத்தண்டனைகளை நீக்க நேர்ந்தது.

மென்பொருள் மாறும் காலத்தில் இருப்புக் குறைவு தோன்றினால், முதலில் சோதனைத் தாள்களைப் புரட்டுங்கள். சோதிக்கப்படாத மென்பொருளின் சொல்லை வைத்து, இருபதாண்டு உழைத்த செயலாளர்மீதோ எழுத்தர்மீதோ பணத்தைச் சுமத்துவது முறையன்று. முறையாக எழுதிய சோதனைப் பதிவேடு அங்கத்தினர் பணத்துக்குக் காவலாவதோடு, நேர்மையான ஊழியரின் நற்பெயருக்கும் காவலாகும்.

மாற்றத்தை எதிர்நோக்கியுள்ள சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுவார்களாக: சோதிப்போர் யார் யார், எக்குறை இருந்தால் மாற்றம் நிற்கும், ஒத்திவைக்கும் அதிகாரம் எவரிடம் உள்ளது. மேலிடத்திலிருந்து தேதி குறித்து வரினும், தேறாத சோதனையின் தாள்களை இணைத்து, கால நீட்டிப்புக் கோரி எழுதும் உரிமை சங்கத்திற்கு உண்டு. ஒரு மாதம் தாமதமானதற்குச் சங்கம் விளக்கம் எழுதிவிடலாம். வாரக்கூலியை எதிர்பார்த்து வந்த நெசவாளரும், விதைக்குப் பணம் கேட்டு வந்த உழவரும் வெறுங்கையோடு திரும்பினால், அதற்கு எழுதும் விளக்கம் அவர்கள் வீட்டு அடுப்பை மூட்டாது.