ரத்தக்கழிச்சல்: மருந்துக்கு முன்னாடி ஈரத்தைப் பாருங்க

கோழி வளர்க்கிறவங்க ரெண்டு கழிச்சலுக்குப் பயப்படுவாங்க. ஒண்ணு வெள்ளைக்கழிச்சல், அது வைரஸ். இன்னொண்ணு ரத்தக்கழிச்சல், அதாவது காக்சிடியோசிஸ். இதுக்குக் காரணம் ஐமீரியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. இது புழு இல்லை. அதனால குடற்புழு மருந்து கொடுத்தால் கேட்காது.

இது எப்படிப் பரவுது? நோய் வந்த கோழியோட எச்சத்தில், கண்ணுக்குத் தெரியாத முட்டைக்கூடுகள் ஏராளமா வெளியே வரும். வந்த உடனே அவற்றால் நோயைப் பரப்ப முடியாது. ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் கிடைத்தால், ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்துவிடும். அப்புறம் அதைக் குஞ்சு கொத்தித் தின்றால், குடல் செல்லுக்குள் புகுந்து, பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்துச் செல்லில் நுழையும். இப்படிச் சில சுற்று. எச்சத்தில் ரத்தம் தெரிய நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள குடல் நல்லாவே புண்ணாகியிருக்கும்.

வழக்கமான கிருமிநாசினிகள் பெரும்பாலும் இந்தக் கூட்டின் தடித்த சுவரைத் தாண்டாது. கடும் சூடும் காய்ச்சலான உலர்வும்தான் அதைக் கொல்லும். ஆகவே நமக்குக் கிடைக்கிற வாய்ப்பு, அந்த ஒன்றிரண்டு நாள்தான். தண்ணித் தொட்டியைச் சுற்றி நனைந்த உமியை உடனே அள்ளிடணும், கூளத்தைக் கிளறி உலர்த்தணும், குஞ்சு எச்சமிடாத உயரத்தில் தொட்டியை வைக்கணும்.

நோய் வந்துவிட்டால் கால்நடை மருத்துவர்கள் தண்ணியில் கலந்து தருகிற மருந்துகளில் ஒன்று ஆம்ப்ரோலியம். இதன் வேலை சுவாரஸ்யமானது. இது வைட்டமின் பி1 மாதிரியே வேஷம் போடும். ஒட்டுண்ணி ஏமாந்து இதை எடுத்துக்கொண்டு, நிஜமான பி1 கிடைக்காமல் வாடிப்போகும். "குஞ்சு சோர்ந்திருக்கே" என்று கூடவே பி வைட்டமின் டானிக்கும் ஊத்தினால், மருந்தின் வேலையை நாமே கெடுக்கிறோம்.

வீட்டில் ஆடும் நாயும் இருந்தால்? கோழியின் ஐமீரியா அவற்றுக்குத் தொற்றாது. ஆடு, மாடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐமீரியா இனங்கள் உண்டு. நாய், பூனைக்கு வருவது சிஸ்டோஐசோஸ்போரா என்ற உறவுக்காரன். நாய் கோழி எச்சத்தைத் தின்றால், அதன் மலத்தில் ஐமீரியா கூடுகள் தெரியலாம். ஆனா அவை சும்மா குடல் வழியா கடந்து போனவை. அதைப் பார்த்து நாய்க்கு மருந்து தேவையில்லை.

எல்லா விலங்கிலும் அதிகம் பாதிக்கப்படுவது குட்டிகளும் குஞ்சுகளும்தான். கொஞ்சமா தொற்றிப் பிழைத்தவற்றுக்கு, அந்த இனத்துக்கு எதிரா எதிர்ப்புச்சக்தி வந்துவிடும். நெருக்கி அடைத்த ஈரக் கூண்டில் கொஞ்சமா தொற்ற வாய்ப்பே இல்லை.